மஞ்சள் தண்ணீரில் கழுவிய திராட்சை

"முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் அசையல. என்னை வெளிய அனுப்பின மறுவருஷம் அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. ஜெயிச்சும் காட்டிட்டாங்க. அப்படின்னா நான் யாரு? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கிளம்பிடுறேன்."

வீரணன் இதை நின்றபடியே கேட்டார்.

முதலாளிகள் வீட்டில் அவர் நின்று பேசியதில்லை. நாற்காலி போடாவிட்டால் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். இங்கே நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

சிஸ்டர் அமலோற்பவம் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். வீரணனை விடப் பதினைந்து வயதாவது இளையவர்.

"உங்களுக்குக் கத்தரி பிடிக்க வருமா?" என்றார்.

"நான் ஒண்ணு கேட்டேனே."

"காதுல விழுந்துச்சு. நானும் ஒண்ணு கேட்டேன்."

"வரும்."

"அப்ப விடியும்போது தோட்டத்துக்கு வந்துருங்க. வெயில் ஏறினா பழம் சூடாயிரும்."

"என் கேள்வி?"

"பழத்தை அறுப்போம். சாறு எடுப்போம். ஜாடியில ஊத்துவோம். ஜாடி பொங்குற அன்னிக்குக் கேளுங்க. சொல்றேன்."

கத்தரிக்கோலை விரல் நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் அடுத்ததை எடுத்தார்.

*

கடவுளைப் பற்றிப் பேசாத துறவி ஒருத்தி மலைச்சரிவில் இருக்கிறாள், கேட்ட கேள்விக்கு வேதப் புத்தகத்தைப் பிரிக்காமல் பதில் சொல்வாள் என்று யாரோ சொல்லித்தான் வீரணன் வந்தார். கடவுள் இல்லை என்று அவர் ஊர் ஊராகப் பேசியவர். இருக்கிறாரா என்று கேட்க வரவில்லை. தான் இருந்தோமா என்று கேட்க வந்திருந்தார்.

கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைப் பந்தல். அந்தப் பந்தல்களில் கூலிக்குப் போகிறவர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர். துண்டுப் பிரசுரங்களைப் படித்துத்தான் அவர் உலகத்தைத் தெரிந்துகொண்டார். பிறகு தானே எழுதினார். இரவல் சைக்கிளில் போய்த் தானே அச்சடித்து, தானே ஒட்டினார். கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் டீக்கடைக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பான். கேட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். காலையில் முதலாளியின் வேன் வரும். ஏறிக்கொள்வார்கள்.

போன வருஷம் சங்கத்துக் கமிட்டி அவருக்கு ஒரு பாராட்டு விழா நடத்தியது. சால்வை போர்த்தினார்கள். "அண்ணே, நீங்க ஓய்வெடுக்கணும்" என்றார்கள். கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார்கள். மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் பூட்டுக்கு வேறு சாவி.

அதற்கடுத்த அறுவடையில், பஸ் நிறுத்தத்தில் வேனுக்குக் காத்திருந்த பெண்கள் வேன் வந்ததும் ஏறவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். கொடியில்லை, பேச்சில்லை. யார் முதலில் உட்கார்ந்தது என்று போலீஸ் விசாரித்துப் பார்த்தது. யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஊரில் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்த ஊரிலும். கூலி உயர்ந்தது. மருந்து அடிக்கிறவர்களுக்கு முகமூடியும் கையுறையும் வந்தன. உயிர் குடிக்கிற ஒரு மருந்தைப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவருவதில்லை என்று முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

வீரணன் அதை டீக்கடையில் பேப்பரில் படித்தார். படத்தில் இருந்த முகங்களில் பாதியை அவருக்குத் தெரியும். செய்தி முழுக்கத் தேடினார். அவர் பெயர் இல்லை.

அன்று முதல் அவருக்குத் தூக்கமில்லை.

*

விடியற்காலையில் தோட்டத்துக்குப் போனார்.

பெரிய தோட்டமில்லை. மலைச்சரிவில் கல்தூண் நட்டுப் போட்ட பந்தல். கொடிகள் கிழடு. ஒவ்வொன்றும் அடிமரம் தொடை பருமன், பட்டை உரிந்து தொங்கியது. என்றோ வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து நட்டது. பழம் பொடியாக, பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. கொத்து சின்னது. கீழே பள்ளத்தாக்கில் ஒரு கொடி காய்ப்பதில் கால்வாசிகூட இது காய்க்காது.

அந்த வருஷம் இன்னும் மோசம். மழை தப்பிப் பெய்து பூ உதிர்ந்திருந்தது. எல்லாவற்றையும் அறுத்தாலும் ஒரே ஒரு ஜாடிதான் நிறையும் என்றார் சிஸ்டர். மலைக் கிராமங்களில் இருக்கிற கோயில்களுக்கெல்லாம் பூசைக்கு இங்கிருந்துதான் ஒயின் போகும். ஒயின் செய்ய அரசு அனுமதி அதற்கு மட்டும்தான்.

"ஏசுவோட ரத்தம்னு சொல்லித்தானே குடிக்கிறீங்க? சிவப்பா செய்யாம ஏன் வெள்ளை ஒயின்?" என்று வீரணன் சீண்டினார்.

"சிவப்பு சிந்தினா பீடத்துத் துணியில கறை போகாது. இன்னாசி துவைக்க மாட்டேங்குறான்."

இன்னாசி ஆசிரமத்தின் சமையல்காரர், ஜீப் டிரைவர், துணி துவைக்கிறவர். பக்கத்து வரிசையிலிருந்து தலையை நீட்டினார்.

"ரத்தக் கறையெல்லாம் தலைவருக்குப் பழக்கம் சிஸ்டர். அவர்கிட்டக் குடுத்துப் பாருங்க."

"நான் உனக்குத் தலைவர் இல்ல. தோழர்னு கூப்பிடு."

"சரிங்க தலைவரே."

வீரணன் ஒரு கொத்தை அறுத்துக் கையில் ஏந்தினார். கத்தரி அப்படியே நின்றது.

பழத்தின் மேல் சாம்பல் தூவினாற்போல வெள்ளைப் பூச்சு.

அந்த வெள்ளையை அவருக்குத் தெரியும். மருந்து அடித்துக் காய்ந்தால் அப்படித்தான் படியும். பள்ளத்தாக்கில் திராட்சை அறுக்கிறவர்கள் திராட்சை தின்னமாட்டார்கள். பிள்ளை அழுதால் ஒரு கொத்து எடுத்து வந்து, உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் கொடுப்பார்கள்.

"என்ன மருந்து அடிக்கிறீங்க?"

"ஒண்ணும் அடிக்கிறதில்ல."

"பழத்துல வெள்ளையா இருக்கு."

"அது பழத்தோடது" என்றார் சிஸ்டர். அவர் கை நிற்கவில்லை.

வீரணன் கொத்தைக் கூடையில் வைத்தார். 'ஒண்ணும் அடிக்கிறதில்ல' என்பதை அவர் எத்தனையோ தோட்டக்காரர்கள் வாயால் கேட்டிருக்கிறார். சத்தியம் செய்து சொல்லவும் கேட்டிருக்கிறார். தோட்டம் வைத்திருக்கிறவன் சொல்வதை நம்பினால் அவர் எப்படி வீரணன்?

ஒவ்வொரு கொடியிலும் உச்சியில் ஒரு கொத்தை சிஸ்டர் விட்டுவிட்டே போனார்.

"இது ஏன்?"

"குருவிப் பங்கு."

"குருவிக்கெல்லாம் சங்கம் இருக்கா?"

"இல்ல. அதனாலதான் நாமளே குடுத்துடுறது" என்றார் சிஸ்டர்.

*

கடைசிக் கூடை இறங்கும்போது மேலூர்க் கிராமத்திலிருந்து ஆள் வந்தான். அங்கே ஒரு சாவு. சிஸ்டர் போயாக வேண்டும். ஜீப்பை இன்னாசிதான் ஓட்ட வேண்டும்.

சிஸ்டர் கூடைகளைப் பார்த்தார். பிறகு வீரணனைப் பார்த்தார்.

"அறுத்த பழம் காத்திருக்காது. நீங்க பாத்துக்கறீங்களா?"

"சொல்லுங்க."

"தொட்டியில போட்டு நசுக்குங்க. துணியில கட்டிப் பிழியுங்க. தோலும் விதையும் எருக்குழிக்கு. சாறை ஜாடியில ஊத்தி வாயைத் துணியால கட்டுங்க. அவ்வளவுதான். வேற எதுவும் செய்ய வேணாம்."

ஜீப் போனது.

நசுக்கினார், பிழிந்தார், ஊற்றினார், கட்டினார். சொன்னபடி எல்லாம் செய்தார். சொல்லாத ஒன்றை அதற்கு முன்னாலேயே செய்திருந்தார்.

இன்னாசியின் சமையலறையிலிருந்து மஞ்சள் தூளும் கல்லுப்பும் எடுத்து வந்து, ஒரு அண்டாத் தண்ணீரில் கரைத்தார். கொத்துக் கொத்தாக முக்கினார். அந்த வெள்ளை போகும்வரை ஒவ்வொரு பழத்தையும் கட்டை விரலால் தேய்த்தார். பிறகு நல்ல தண்ணீரில் அலசினார். மறுபடியும் அலசினார். வெயில் ஏறி முதுகைச் சுட்டது. விரல் ஊறி வெளுத்துச் சுருங்கியது. ஒரு கொத்தைக்கூட விடவில்லை.

கழுவி முடித்த திராட்சை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அவருக்குத் திருப்தியாக இருந்தது. எங்கோ மலைமேல் ஒரு கிழவி நாக்கை நீட்டி இதை வாங்கிக் குடிப்பாள். அவள் வயிற்றுக்குள் மருந்து போகாது. இவர்களுக்கு வேதம் தெரியும். மருந்து தெரியாது.

ஜாடி கழுத்துவரை மண்ணில் புதைந்திருந்தது. வாயைக் கட்டத் துணி தேடினார். பிழிந்த துணி கிழிந்துவிட்டது. தன் பையைத் திறந்து சால்வையை எடுத்தார். ஜரிகைக் கரையில் மினுமினுக்கிற மட்டமான துணி. பாராட்டு விழாவுக்குப் பிறகு எதற்கும் உதவாமல் கிடந்தது. அதைக் கொண்டு ஜாடியின் வாயை இறுகக் கட்டினார்.

*

சிஸ்டர் திரும்பி வந்ததும் முதலில் ஜாடியிடம் போனார். சால்வையைப் பார்த்துச் சிரித்தார். குனிந்து காதை வைத்தார்.

"இன்னும் ஒண்ணுமில்ல" என்றார். "நாளைக்கு."

மறுநாளும் காது வைத்தார். ஒன்றுமில்லை.

அதற்கு மறுநாளும் இல்லை.

"வழக்கமா இந்நேரம் பேச ஆரம்பிச்சிருக்கும்" என்றார் இன்னாசி. "அடுப்புல சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அடுப்பு மட்டும் இருக்காது."

வீரணன் ஜாடியை விட்டு நகரவில்லை. அது பொங்கினால்தானே அவருக்குப் பதில்? சால்வையை அவிழ்த்துப் பார்த்தார். சாறு அசையாமல் கிடந்தது. மோந்து பார்த்தார். கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"கலக்கி விடட்டுமா?"

"வேணாம்."

"கொஞ்சம் அசைச்சு விட்டா—"

"காத்து புகுந்தா புளிச்சுக் காடியாயிரும். வாயைத் திறக்காதீங்க."

"யார் வாயை?"

"ரெண்டையும்தான்" என்றார் சிஸ்டர்.

அன்று மதியம் இன்னாசி மோர் கொண்டு போனபோது, வீரணன் ஜாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில். இன்னொரு கை காற்றில்.

"...எத்தனை நாளைக்கு இப்படிக் கிடப்பீர்கள்? உங்களுக்குள் இருக்கிற நெருப்பு உங்களுக்கே தெரியவில்லை என்றால்..."

இன்னாசி தொண்டையைச் செருமினார்.

"கூட்டம் எப்படி தலைவரே? கைதட்டு விழுந்துச்சா?"

வீரணன் மோரை வாங்கிக் குடித்தார். சிரிக்கவில்லை. பிறகு தாங்கமுடியாமல் சிரித்துவிட்டார்.

"பழைய கூட்டம் மாதிரியேதான் இருக்கு" என்றார். "ஒருத்தனும் அசையல."

*

மறுநாள் அவர் பஸ் ஏறிக் கீழே போய்விட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து சிஸ்டர் முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"ஈஸ்ட். ரொட்டிக் கடையில வாங்கினேன். ஒரு கரண்டி போட்டா போதும், ராத்திரிக்குள்ள பொங்கிரும்னான்."

"பொங்கும்" என்றார் சிஸ்டர்.

"அப்ப போடுங்க."

"எந்த ஜாடியில போட்டாலும் பொங்கும். எந்த ஊர்ச் சாறுல போட்டாலும் ஒரே மாதிரி பொங்கும். ஆனா இந்தக் கொடியோட பேச்சு அதுல இருக்காது. ரொட்டிக் கடைக்காரன் பேச்சுதான் இருக்கும்."

"சிஸ்டர், நான் படிச்சது ஒண்ணுதான். அதது தானா எதுவும் கிளம்பாது. வெளியேயிருந்து ஒருத்தன் கொண்டுவந்து போட்டாத்தான் கிளம்பும். அதுக்காகத்தான் ஒருத்தன் பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஊர் ஊரா அலையுறான். இது தப்புன்னா, என் பிழைப்பே தப்பு."

"நான் தப்புன்னு சொல்லலையே."

"பின்ன எப்படிங்க இது கிளம்பும்? எங்கேயிருந்து வரும்? வானத்துலேயிருந்தா?"

"பழத்து மேலேயே இருக்கும்" என்றார் சிஸ்டர். "தோல்மேல ஒட்டிக்கிட்டு வரும். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க. இந்தக் காத்துல, இந்தப் பட்டையில, இந்த மண்ணுல குடியிருக்கறதுங்க. பழம் உடைஞ்சதும் உள்ள இறங்கி வேலையை ஆரம்பிச்சிரும். யாரும் கூப்பிட வேணாம்."



சிஸ்டர் அவர் கையைப் பார்த்தார்.

"மேலூர்லேயிருந்து நான் திரும்பி வந்த அன்னிலேயிருந்து கேக்கணும்னு இருந்தேன். நகமெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

வீரணன் கையை மறைக்கவில்லை. அவர் எதையும் மறைத்துப் பழகியவரல்ல.

"பழத்தைக் கழுவினேன். உப்பும் மஞ்சளும் போட்டு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். மருந்து அடிக்கலன்னீங்க. நான் நம்பல." அவர் குரல் உயர்ந்தது. "என் தம்பி சின்னமாயன் முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு மருந்து அடிச்சவன். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். கண்ணு தெரியலண்ணேன்னான். வாயில நுரை. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டான். தோட்டக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? சாராயம் குடிச்சிருப்பான்னு சொன்னான். தம்பி சட்டை பூரா அந்த வெள்ளை. என் கையால கழுவித்தான் அவனைத் தூக்கினேன். அந்த வெள்ளையைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது. அடிச்சவன் யாரா இருந்தாலும் சரி, சாமியாரா இருந்தாலும் சரி."



சிஸ்டர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்காமலேயே கேட்டார்.

"தம்பி போனதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

"மருந்து அடிக்கறவங்களையெல்லாம் சேத்துப் போராட்டம் நடத்தினேன். டேங்கை எல்லாம் ரோட்டோரப் புளியமரத்துல தொங்கவிட்டோம். எவனும் எந்தத் தோட்டத்துக்கும் மருந்து அடிக்கப் போகக் கூடாது. சங்கத்தோட முதல் போராட்டம்." அவர் உதட்டைச் சுழித்தார். "தோத்துப் போச்சு. வெளியூர் ஆளைக் கொண்டாந்தாங்க. நம்ம ஆளுங்களும் ஒவ்வொருத்தனா மரத்துலேயிருந்து டேங்கை இறக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. எதுவும் மிஞ்சல."

"கீழ மிஞ்சல" என்றார் சிஸ்டர்.

வீரணன் நிமிர்ந்தார்.

"அப்ப இங்க இருந்தவர் மதர் பிலோமினா. நான் புதுசா வந்தவ. இந்தத் தோட்டத்துக்கும் கீழேயிருந்துதான் ஆள் வந்து மருந்து அடிப்பாங்க. அந்த வருஷம் யாரும் வரல. ஏன்னு கேட்டு மதர் கீழ போனாங்க. புளியமரத்தைப் பாத்துட்டு வந்தாங்க. வந்து ஒண்ணும் சொல்லல. இங்க இருந்த டேங்கை எடுத்துப் பாழுங்கிணத்துல போட்டாங்க."

"அப்புறம்?"

"பாதிக் கொடி செத்துப் போச்சு. எங்களை எல்லாரும் பைத்தியம்னாங்க. அடுத்த வருஷம் பூச்சி. அதுக்கடுத்த வருஷம் பூஞ்சை. அழுதுக்கிட்டேதான் கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுவோம். மருந்து அடிச்ச காலத்துலயும் ஈஸ்ட் வாங்கித்தான் போட்டுக்கிட்டிருந்தோம். அப்புறம் அதை வாங்கக்கூட வழியில்ல. ஒரு வருஷம் சாறைச் சும்மா ஊத்தி வச்சோம். போனா போகட்டும்னு. தானா பொங்குச்சு. மதர் ஓடிப்போய்ப் பழத்தைப் பாத்தாங்க. அதுக்கு முந்தி மருந்தோட வெள்ளைக்கு அடியில பழத்தோட சொந்த வெள்ளைப் பூச்சு இருந்ததையே நாங்க பாத்ததில்ல."

வீரணன் தன் மஞ்சள் நகங்களைப் பார்த்தார்.

கட்டை விரலால் ஒரு நகத்தைத் தேய்த்தார்; மஞ்சள் போகவில்லை. 

பிறகு மெல்லக் கேட்டார்.

"அதையா நான் கழுவினேன்?"

சிஸ்டர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தார்.

*

தோட்டத்தில் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. ஒவ்வொரு கொடியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். குருவிப் பங்கைக் குருவிகள் தின்று முடித்திருந்தன. காம்பு மட்டும் தொங்கியது.

கடைசி வரிசையில், எல்லாவற்றிலும் கிழட்டுக் கொடியில், இலை மறைவில் ஒரே ஒரு கொத்து மிச்சமிருந்தது. பாதி கொத்தியது. பாதி முழுசு. மேலே அந்தச் சாம்பல்.

"குருவிக்கு?" என்றார் வீரணன்.

"குருவிகிட்ட நான் பேசிக்கிறேன்."

வீரணன் அறுத்தார். பூச்சு கையில் படாமல் காம்பைப் பிடித்துத் தூக்கி வந்தார். கைக்குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி இருந்தது என்று பிறகு இன்னாசி சொன்னார்.

ஜாடிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். எவன் முன்னாலும் மண்டியிடாத கால். ஆனால் ஜாடி தரையோடு இருந்தது, வேறு வழியில்லை. சால்வையை அவிழ்த்தார். கொத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்தார்.

"சிஸ்டர், கையைக் கழுவிட்டு—"

"இன்னுமா கழுவுறீங்க?"

நசுக்கினார். தோலும் சாறும் விரலிடுக்கு வழியாக ஜாடிக்குள் விழுந்தன. அவ்வளவு சாற்றுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஒரு கைப்பிடி.

"இது போதுமா?"

"தெரியல" என்றார் சிஸ்டர். "இத்தனை நாள் சும்மா கிடந்த சாறு. கெட்டுப் போயிருக்கவும் கூடும். போச்சுன்னா இந்த வருஷம் பூசைக்கு ஒயின் கிடையாது."

வீரணன் சால்வையைக் கட்டினார். கட்டிவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எழுந்திரிங்க."

"பாத்துக்கிட்டிருக்கேனே."

"நீங்க பாத்தது போதும். மேல் வரப்புல கல்லுச் சுவர் சரிஞ்சு கிடக்கு. அதை எடுத்து அடுக்குங்க."

"அது எதுக்கு இப்போ?"

"அடுத்த மழையில மண்ணு போயிரும். மண்ணு போனா கொடி போயிரும்."

அவர் ஜாடியைப் பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். எழுந்து போனார்.

*

கல் கனமாக இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முகம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார விரும்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் அடுக்கியது சரிந்தது. மறுநாள் சரியவில்லை. இன்னாசி சோறு கொண்டு வந்து கொடுத்தார். கேலி செய்யவில்லை. அதுவே கவலையாக இருந்தது.

"சத்தம் ஏதும்?"

"நான் அந்தப் பக்கம் போகல தலைவரே. யாரும் போகக் கூடாதுன்னுட்டாங்க."

வீரணன் தலையாட்டினார். அடுத்த கல்லைப் புரட்டினார்.

சுவர் முடிந்த அன்று மதியம், சாப்பிட்டுவிட்டு அந்தக் கிழட்டுக் கொடியின் நிழலில் தலையைச் சாய்த்தார். காற்று வந்தது. கீழே பள்ளத்தாக்கில் எங்கோ வேன் ஒன்று போகும் சத்தம். யார் யார் ஏறியிருப்பார்கள் என்று பெயர்களை நினைக்க ஆரம்பித்தார். இரண்டு மூன்று பெயருக்கு மேல் போகவில்லை.

பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த நாளுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினார்.

யாரோ தோளைத் தொட்டார்கள்.

சிஸ்டர்.

"பொங்கிருச்சு" என்றார்.

வீரணன் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"எப்போ?"

"நீங்க தூங்கினப்போ."

அவர் ஓடினார். அறுபத்தாறு வயதுக் காலுக்கு அது ஓட்டம்தான். சரிவில் வழுக்கியது. ஒரு கல்தூணைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஓடினார்.

ஜாடியின் வாயில் சால்வை உப்பியிருந்தது. நடுவில் நனைந்து, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. ஜரிகைக் கரையோரம் நுரை கசிந்தது. இன்னாசி தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

வீரணன் மண்டியிட்டார். காதை வைத்தார்.

முதலில் ஒரு சலசலப்பு. பிறகு அதற்குள் பல சத்தம். ஒன்று நிற்கும்போது ஒன்று தொடங்கியது. ஒன்றுக்கு ஒன்று பதில் சொன்னது. பஸ் நிறுத்தத்தில் வேன் வருவதற்கு முன்னால், விடியலில், தூக்குவாளியோடு நிற்கிற பெண்களிடமிருந்து அந்தச் சத்தம் வரும். முப்பது வருஷம் அதே நிறுத்தத்தில் போய் நின்றிருக்கிறார். அவர் வந்ததும் அது நின்றுவிடும். அவர் பேச ஆரம்பிப்பார்.

சிஸ்டர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொன்ன வாக்கு இருக்கு தலைவரே. இப்ப கேளுங்க உங்க கேள்வியை."

வீரணன் காதை எடுக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர்" என்றார். "அவங்க பேசுறாங்க."